எவ்வளவு குடுக்கும்?

நெய்வேலியில் ரிடையர் ஆகிறவருக்குப் பணத்தோடு இன்னொரு வேலையும் காத்திருக்கும். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். என் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அனல்மின் நிலையத்தில் முப்பத்துச் சொச்ச வருஷம் இருந்தவர். வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொல்லையில் அவர் நட்டு வளர்த்த பலாமரத்தை என்ன செய்வது? அதை மட்டும் விட்டுவிட்டு, பீரோ, கட்டில், வாஷிங்மெஷின், ஏழெட்டுச் சாக்கு மூட்டை எல்லாவற்றையும் ஒரு டீசல் பிக்அப்பில் ஏற்றித் தார்ப்பாய் கட்டிச் சென்னைக்குக் கிளம்பினோம். நடுவில் மாமா, ஓரத்தில் நான், ஓட்டுகிறவர் வண்டிக்குச் சொந்தக்காரரே. அக்கா பஸ்ஸில் முன்னாடியே போய்விட்டாள்.

ஆர்ச் கேட் தாண்டியதும், எந்த வண்டியைப் பார்த்தாலும் நம் ஊர் ஆண்பிள்ளை கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டேன். "எவ்வளவு குடுக்கும்?"

கவனித்திருக்கிறீர்களா, 'எவ்வளவு குடிக்கும்' என்று நாம் கேட்பதில்லை. குடிப்பதுதான் அதன் தொழில், ஆனாலும் கறவை மாட்டை விசாரிப்பது போலக் 'குடுக்கும்' என்கிறோம்.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "யாருக்கு சார்?" என்றார்.

புரியவில்லை. விளக்கினார். "லோன் குடுக்கிறவன் கேட்டா பதினாறு. வாடகை பேச வர்ற பார்ட்டி கேட்டா பத்து. ஸ்டாண்டுல பக்கத்து வண்டிக்காரன் கேட்டா பதினாலு."

"வீட்டுல கேட்டா?"

"வீட்டுல யாரு சார் கேக்கறாங்க."

நிஜ எண் எது என்றால் அவருக்கே தெரியாது. ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்குமாகப் போடுகிறவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு நமைச்சல் எடுத்துவிட்டது. அடுத்த பங்க்கில் என் செலவில் கழுத்து வரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டேன். சென்னையில் இறக்கியதும் மறுபடி கழுத்து வரை. 206 கிலோமீட்டர், 18.1 லிட்டர். வகுத்தால் 11.4. இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டியதில்லை, ஒரு துண்டுத்தாள் போதும். ஆனால் அந்தத் தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஷோரூமில் அவருக்குச் சொன்ன எண் பதினாறு. (எந்த ஷோரூம், எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்.) அந்தப் பதினாறை நம்பித்தான் மாசத் தவணையைக் கணக்குப் போட்டிருக்கிறார்.

நாளைக்கு 100 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு கொடுத்தால் ஒரு நாளைக்கு ஆறே கால் லிட்டர். 11.4 கொடுத்தால் எட்டே முக்கால். மாதத்துக்கு 65 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 90 ரூபாய் என்று தோராயமாகப் போட்டாலும் ஐயாயிரத்து எண்ணூறுக்கு மேல். பையனை பாலிடெக்னிக்கில் சேர்த்திருக்கிறார். "அதான் சார், எவ்ளோ ஓட்டினாலும் கையில நிக்கலை. நான் வீட்டுல செலவு ஜாஸ்தின்னு நெனச்சு அவகிட்ட சண்டை போட்டுட்டிருந்தேன்."

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் சுவாரசியமாகிறது. அந்தப் பதினாறு, பொய்யா?

பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தியாவில் இந்த எண்கள் பிறக்கும் இடம் சாலை அல்ல, புனேயில் 1966-லிருந்து இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைக்கூடங்கள். வண்டி அங்கே ஓர் அங்குலம் கூட நகராது. சக்கரங்களுக்குக் கீழே உருளைகள் சுற்றும். இருபது நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாக, எந்த விநாடியில் எந்த வேகம் என்று முன்பே எழுதிவைத்த அட்டவணைப்படி ஓட்டுவார்கள். அதிகபட்சம் மணிக்கு 90 கிலோமீட்டர், ஏ.சி. போட மாட்டார்கள். டீசலைக்கூட நேராக அளப்பதில்லை. புகையில் வந்த கார்பனைக் கணக்கிட்டு, இவ்வளவு எரிந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிப் போவார்கள். முதலில் வேடிக்கையாகத் தோன்றும். நிரம்பத் துல்லியமான முறை. இரண்டு வண்டிகளை நியாயமாக ஒப்பிட இப்படித்தான் செய்ய முடியும்.

ஆனால் அந்த உருளையின் மேல் மாமாவின் பீரோ இல்லை. கேபினுக்கு மேல் தலை நீட்டும் தார்ப்பாய் இல்லை. வேகம் 60-லிருந்து 80-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் ஏறும்; பீரோ நிற்கும் வண்டிக்கு அந்த ஏற்றம் இன்னும் கனமாக விழும். விக்கிரவாண்டிக்கு வரும் வழியில், வருஷக்கணக்காக இழுத்தடித்த நாலுவழிச்சாலை வேலையின் குழிகளும் புனேயில் கிடையாது.

அமெரிக்காவில் ஒரு விசித்திரம். 8,500 பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 3,850 கிலோவுக்கு, மேற்பட்ட மொத்த எடைக்கு அனுமதி பெற்ற பெரிய டீசல் பிக்அப்களின் கண்ணாடியில் அரசாங்க மைலேஜ் சீட்டே ஒட்டுவதில்லை. அப்படி ஒரு எண் சொல்ல வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. வாங்கினவர்கள் என்னைப் போலவே டேங்க்கை நிரப்பி வகுத்துப் பார்க்கிறார்கள். எண்ணே இல்லாதது தப்பான எண்ணைவிட யோக்கியமோ என்று ஒரு கணம் தோன்றுகிறது.

வேண்டுமென்றே செய்த மோசடிகள் உண்டு. 2016-ல் ஜப்பானின் மிட்சுபிஷி, லட்சக்கணக்கான சிறு கார்களின் மைலேஜ் சோதனைத் தகவல்களைத் திருத்தியதாக ஒப்புக்கொண்டது. அதில் தர்மசங்கடம் ஒன்றும் இல்லை. பொய், பிடிபட்டது, முடிந்தது. சங்கடம், நிஜத்தைச் சொல்லியே ஏமாற்றுவதில்தான்.

எந்த நிலையிலும் பொய் கூடாது, கொலைகாரன் வந்து கேட்டாலும் கூடாது என்று எழுதிய ஜெர்மன் தத்துவஞானி கான்ட் என்ன செய்தார் தெரியுமா? மதம் பற்றி அவர் எழுதியதற்காகப் பிரஷ்ய மன்னர் கண்டித்தபோது, 1794-ல், 'தங்களின் விசுவாசமுள்ள பிரஜை' என்ற முறையில் இனி எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். 1797-ல் மன்னர் செத்துப்போனார். நான் அவருடைய பிரஜையாக இருந்த வரைக்கும்தானே வாக்கு என்று கான்ட் மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார். வார்த்தைகளை யோசித்தே பொறுக்கினேன் என்று அவரே 1798-ல் சொல்லியும் விட்டார். எழுத்துக்கு எழுத்து உண்மைதான். ஆனால் அந்த மன்னர் என்ன புரிந்துகொள்வார் என்பது கான்ட்டுக்குத் தெரியும். ஷோரூம்காரருக்கும் தெரியும்.

நம்ம வள்ளுவர் இதில் வேறு கட்சி. சொன்னது நடந்ததோடு ஒத்துப்போகிறதா என்று அவர் முதலில் பார்ப்பதில்லை. அதனால் யாருக்காவது தீங்கு வந்ததா என்றுதான் பார்க்கிறார். அந்தத் தராசில் வைத்தால், மாதம் ஆறாயிரத்தைப் பிடுங்கிப் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை மூட்டிய பதினாறு, எத்தனை துல்லியமாக அளந்ததானாலும் வாய்மையில் சேராது.

நடுவில் நெருக்கி உட்கார்ந்து தூங்குவதாக நான் நினைத்த மாமா இங்கே வாயைத் திறந்தார். "எங்க பிளான்ட்டுல ரெண்டு மீட்டர் இருக்கும். ஜெனரேட்டர் முனையில ஒண்ணு, வெளியே போற லைன்ல ஒண்ணு. நூறு யூனிட் தயாரிச்சா பத்துப் பன்னெண்டு யூனிட்டை நாங்களே தின்னுடுவோம். பம்ப்பு, ஃபேன், பழுப்பு நிலக்கரி அரைக்கிற மில்லு எல்லாத்துக்கும். கிராஸ் எவ்வளவு, நெட் எவ்வளவுன்னு ரெண்டையும் எழுதணும். எந்த மீட்டர்னு சொல்லாம ஒரு எண்ணைக் கொண்டுபோய் நீட்டினா, எங்க ஆபீசர் தாளைத் திருப்பி எறிவார்."

அவ்வளவு சுலபமாக முடிந்துவிடும் என்று தோன்றவில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற அளவே ஒரு பொறி. பண்ருட்டி பலாப்பழ சீசனில் ஒரு டன் ஏற்றினால் பன்னிரண்டு கொடுக்கிற வண்டி, இரண்டு டன் திணித்தால் ஒன்பதரை கொடுக்கும் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மைலேஜ் போச்சு என்று புலம்புவார்கள். ஆனால் ஒரு லிட்டரில் ஒரு டன்னை 12 கிலோமீட்டர் நகர்த்தினது போய், இப்போது 19 கிலோமீட்டர் நகர்த்துகிறது! டீசல் கணக்கில் ஓவர்லோடுக்காரர்தான் சிக்கனமானவர். பிரேக்கும் டயரும் எதிரே வருகிறவர் உயிரும் அந்தக் கணக்கில் வராது. 2019 திருத்தச் சட்டம் போட்ட 20,000 ரூபாய் அபராதம் வேண்டுமானால் வரும். அப்புறம் ரிட்டர்ன். லோடு கிடைக்காமல் காலியாகத் திரும்பினால் பதினாலு கொடுக்கும், பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். சுமந்தது காற்றை.

நாலு மாசம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது. அவர்தான். "சார், வண்டியைக் குடுத்துடறேன். டியூ கட்ட முடியலை. பார்ட்டி மந்தாரக்குப்பத்துப் பையன், இங்கதான் நிக்கிறான். நான் பதினாலுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறான். நீங்க படிச்சவரு, அளந்து பாத்தவரு. ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

என்ன சொல்லச் சொல்கிறார் என்று புரிந்தது. ஒரு புள்ளி குறைந்தால் பத்தாயிரமாவது விலையில் குறையும். அது அந்த பாலிடெக்னிக் பையனின் ஃபீஸ். கூட்டிச் சொன்னால், இதே கணக்கை இன்னொரு வீட்டில் இன்னொருவன் போட்டு ஏமாறுவான். 'காலியா வந்தா பதினாலு' என்று மட்டும் சொல்லலாம், அதில் பொய் இல்லை. கான்ட் நினைவுக்கு வந்தார். போன் கை மாறிவிட்டது.

"தம்பி, சென்னைக்கு லோடோட வந்தப்ப பதினொண்ணு புள்ளி நாலு. நானே அளந்தேன். காலியா திரும்பினப்ப பதினாலுன்னு அவர் சொன்னார், அதை நான் பாக்கலை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

"அண்ணன் பதினாலுங்கறாரு, நீங்க பதினொன்றைங்கறீங்க" என்றான் பையன். "சரி விடுங்க சார், பன்னெண்டரைன்னு பேசி முடிச்சுக்கறோம்."