ஓதவுருகீசர்

காஞ்சிமாநகரின் மேல்பாலுள்ள பிள்ளையார்பாளையத்தில் விளங்குவது திருமேற்றளி. மேல் என்பது மேற்றிசை. தளி என்பது கோயில். ஊர்ப்பெயரில் அமைந்த பிள்ளையார் யானைமுகக் கடவுள் அல்லர், ஆளுடைய பிள்ளையாராகிய திருஞானசம்பந்தரே என்பர் பெரியோர். வீதியின் மறுகோடியில் அவருக்கெனச் சிறு கோயில் ஒன்றும் உண்டு. பட்டுத் தறிகளின் ஒலியிடையே அவ்வீதி வழிச் செல்வோருள் இதனை அறிந்தார் சிலரே.

திருமால் சிவசாரூபம் பெற விழைந்து இத்தலத்தில் தவங்கிடந்தார். ஞானசம்பந்தன் வருங்காறும் இருக்க என இறைவன் பணித்தான். பின்னாளிற் பிள்ளையார் எழுந்தருளித் திருமுன்னர் நின்று ஓத, அவ்வோசை செவிப்புக்க அளவில் மால் உருகி இலிங்கமாயினார். பதிகம் முற்றியபொழுது திருவடிகள் மாத்திரம் உருகாது எஞ்சின. அவ்விலிங்கமே ஓதவுருகீசர் எனத் தனிச்சந்நிதி கொண்டுள்ளது. இது தலவரலாறு.

எம் இளமையில், சொற்பொழிவாளர் ஒருவர் இதனைச் சைவத்தின் வெற்றியாகவே எடுத்து முழக்கினார். அவையோர் நகைத்தனர், யாமும் நகைத்தோம். எம் அருகிருந்த நெசவாளர் ஒருவர், திருமண் தரித்தவர், ஒன்றும் உரையாது மேல்துண்டை உதறித் தோளிலிட்டு எழுந்து சென்றார். அவர் எம் தந்தையாருக்கு நெடுநாள் நண்பர்.

அந்நகை தகுமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது. வரலாற்றில் தோற்றவர் எவர்? போர் இல்லை, வாதம் இல்லை. ஆழி தாங்கிய ஒருவர், மனிதப் பிறவியெடுத்த ஒரு சிறுவரின் பாட்டிற்குக் காத்திருந்தார், கேட்டு உருகினார். இது தோல்வியாயின் அத்தோல்வியை வேண்டியன்றோ நாம் நாடோறும் திருமுறை ஓதுகின்றோம்!

அற்றேல், இறைவன் தானே அருளாது சம்பந்தர் வரவை நோக்கி வைத்தது என்னை எனின், பக்குவம் எய்திய உயிர்க்கு அவன் குருவடிவில் வந்து உணர்த்துவான் என்பது நம் சித்தாந்தத் துணிபு. அவ்வடிவு முதியதோ இளையதோ, கேட்பவரினும் உயர்ந்ததோ தாழ்ந்ததோ என்பது அங்கு வினாவன்று. இதனை ஏற்க மாட்டாமையே பெரும்பான்மையோர்க்கு இடர், எமக்கும் இருந்தது.

இன்னும் ஒன்று. சாரூபம் யோகத்தின் பயன், பதமுத்திகளுள் ஒன்று, முடிந்த முத்தி அன்று. வேண்டியது இறைவன் உருவம்; நேர்ந்ததோ உள்ள உருவமும் உருகிப்போதல். இலிங்கம் உருவமும் அன்று, அருவமும் அன்று, அருவுருவம். கேட்ட பொருளினும் பெற்ற பொருள் பெரிதாயிற்று.

உருகியவர் அடியோடு ஒழிந்தாரோ எனின், இல்லை, அடிகள் எஞ்சின. உயிர் முத்தியிற் கெட்டொழியும் என்பாரையும், இறைவனின் வேறாய்த் தனித்தே நிற்கும் என்பாரையும் நம் ஆசிரியர் மறுப்பர். திருவருட்பயனில் உமாபதி சிவம் எடுத்தாளும் உவமை தாடலை. தாள், தலை என்னும் இருமொழி புணர, ளகரமும் தகரமும் திரிந்து டகரமாயின. ஒரு சொல்லெனவே செவியிற் படும். ஆயினும் இரண்டன் பொருளும் கெட்டில. மேல், தளி என்பன மேற்றளி எனத் திரிந்து நிற்பதும் அவ்வாறே. இலக்கணம் கற்பிப்போர்க்கு இத்தலத்தின் பெயரே ஒரு பாடம். தாடலையில் தாள் இறைவனது, தலை உயிரினது. இங்கு எஞ்சியனவோ உயிரின் தாள்கள். ஆதலின் உவமை முற்றும் ஒவ்வாது. இரண்டறக் கலந்தும் உயிர் கெடாமை என்ற அளவிற் கொள்க.

திருமேற்றளிக்குரிய பதிகங்களாக நாவுக்கரசர் பாடியது நான்காம் திருமுறையிலும், சுந்தரர் பாடியது ஏழாம் திருமுறையிலும் உள்ளன. இத்தலத்துக்கெனப் பிள்ளையார் பதிகம் இன்று கிடைத்திலது. மாலை உருக்கிய பாட்டு நமக்கில்லை. உருகியவரின் அடிகள் உள்ளன. கிடைத்த இரண்டையும் பண்ணோடு பன்முறை ஓதியும் எம் நெஞ்சு உருகாத நாள்கள் பல. அத்தகைய நாள்களில் அச்சந்நிதி முன் நிற்க நேரின், எம் நினைவில் எழுபவர் அன்று துண்டை உதறி எழுந்து சென்றவரே. பின்னரும் பன்முறை அவரை வீதியிற் கண்டோம். வழக்கம்போல் நலம் வினவினார். நகைத்தமைக்கு ஒரு சொல் கூறவேண்டும் எனக் கருதிக் கருதியே காலங் கழிந்தது. அவர் மறைந்து இப்பொழுது பல்லாண்டுகள் ஆயின.