தேற்றாங்கொட்டையும் தீர்த்தமும்

ஸ்ரீ:



நாராயணன் என்னும் திருநாமத்திற்குப் பெரியோர் அருளிச்செய்த பொருள்களுள் ஒன்று, நாரமாகிய நீரைத் தனக்கு இருப்பிடமாக உடையவன் என்பது. அதனாலேயே போலும், எம்பெருமானுடைய ஆராதனம் நீரில் தொடங்கி நீரில் முடிகிறது. அர்க்யம், பாத்யம், ஆசமநீயம், ஸ்நாநீயம், சுத்தோதகம் என ஐந்து வட்டில்களிலும் நிரம்புவது நீர்தானே. திருவரங்கத்தில் துலா மாதமாகிய ஐப்பசியில் காவிரியிலிருந்தும், மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்தும் திருமஞ்சனத் தீர்த்தம் எழுந்தருளுகிறது. திருமலையிலோ, உடையவருக்கு அம்மானும் ஆசார்யருமான பெரிய திருமலை நம்பிகள் தள்ளாத வயதிலும் மலைவழியில் நெடுந்தூரம் நடந்து பாபவிநாசத்து நீரைத் தோளில் சுமந்து வந்தார். வேடனாக வந்து "தாதா" என்றழைத்து அந்த நீரைப் பருகிய பெருமான், அவர் சிரமம் தீர ஆகாச கங்கையை அருகே காட்டிக்கொடுத்தான் என்பது ஐதிஹ்யம். தண்ணீரமுது உத்ஸவம் இன்றும் அங்கு நடைபெறுகிறது. குடிநீரை அமுது என்று வழங்கும் ஸம்ப்ரதாயம் நம்முடையது.

அத்தகைய நாம், நம் பிள்ளைகள் பருகும் நீரை எவ்வாறு நடத்துகிறோம்?

அடியேன் பாடசாலையில் வாசித்த காலத்தில் மநு ஸ்ம்ருதியின் ஆறாம் அத்யாயம் பாடமாயிற்று. ஸந்ந்யாஸிகளின் தர்மத்தைச் சொல்லும் பகுதி அது. நீரை வஸ்திரத்தால் வடித்தே பருக வேண்டும் என்று ஓரிடத்தில் விதிக்கிறது. சிறிது தொலைவில், தேற்றாங்கொட்டை நீரைத் தெளிவிக்கும் என்பது உண்மையே, ஆனால் அதன் பெயரை உச்சரித்த மாத்திரத்தில் நீர் தெளிந்துவிடாது என்ற கருத்து வருகிறது. வேஷத்தால் தர்மம் ஸித்திக்காது என்பதற்குச் சொன்ன திருஷ்டாந்தம் அது. உபாத்யாயர் பொருள் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். பெயரைச் சொன்னால் நீர் தெளியும் என்று எந்த மூடன் நினைப்பான்?

நினைத்த மூடன் அடியேனே. இருபத்திரண்டு வயதில் ஒரு கிராமத்து ஸந்நிதியில் கைங்கர்யம் செய்துகொண்டிருந்தேன். ஸ்ரீராம நவமியன்று பானகத்திற்கு நல்ல நீர் போதவில்லை. ஊர்க் கிணறு தொலைவு, வெயிலோ கடுமை. கோயிற்குளத்தில் நான்கு குடம் மொண்டு அண்டாவில் ஊற்றினேன். பெருமாள் தீர்த்தவாரி கண்ட புஷ்கரிணியின் நீர் அன்றோ, அதில் என்ன தோஷம் என்று மனம் ஸமாதானம் சொல்லிற்று. மறுநாள் தெருவில் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும். ஒரு பெண் குழந்தை கண் செருகிக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்து காப்பாற்றினார்கள். நான்காம் நாள் அந்தக் குழந்தையின் பாட்டியார் தேங்காய் பழத்தோடு ஸந்நிதிக்கு வந்தார். "எங்கள் கர்மம் ஸ்வாமி, பெருமாள் பிரஸாதம் காப்பாற்றிவிட்டது" என்றார். அடியேன் வாய் திறக்கவில்லை. அர்ச்சனை செய்து சடாரி சாதித்து அனுப்பினேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

புஷ்கரிணியின் மஹிமை ஸத்யம். அதிலே நீராடினால் பாபம் போகும் என்பதில் அடியேனுக்கு லவலேசமும் ஐயமில்லை. ஆனால் பாபத்தைப் போக்கும் நீர், கிருமியும் அற்றதாயிருக்கும் என்று சாஸ்திரம் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. 1854-ல் லண்டனில் ஜான் ஸ்நோ என்ற வைத்யர், ஒரு தெருவின் அடிகுழாயில் நீர் எடுத்தவர்களிடையே காலரா மிகுந்திருந்ததைக் கணக்கெடுத்துக் காட்டினார். முப்பது ஆண்டுகள் கழித்து 1884-ல் ராபர்ட் காக் அந்தக் கிருமியை நம் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே கண்டார். 1867-ஆம் ஆண்டு ஹரித்வாரக் கும்பமேளாவிலிருந்து திரும்பிய யாத்ரிகர்களோடு கூடவே அந்நோயும் ஊர் ஊராகச் சென்றது. கங்கையினும் புனிதமான நீர் எது?

வஸ்திரத்தால் வடிக்கும் விதியைப் பற்றி ஒரு செய்தி. வங்கதேசத்தில் மத்லப் என்னும் பகுதியின் 65 கிராமங்களில், பழைய புடவையை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீர் வடிக்கச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். காலரா 48 சதவிகிதம் குறைந்தது என்று 2003-ல் வெளியிட்டார்கள். காலராக் கிருமி தண்ணீரிலுள்ள மிகச்சிறிய உயிர்களைப் பற்றிக்கொண்டு வாழ்வது; அவை துணியில் தங்கிவிட, கிருமியும் பெரும்பாலும் தங்குகிறது. பழம்புடவையே உயர்ந்ததாம், துவைத்துத் துவைத்து அதன் இழைக்கண்கள் சுருங்கியிருப்பதால். பாட்டிமார் கட்டிய வெள்ளைத் துணியை நகைத்தவர்கள் இதைக் கேட்க வேண்டும். ஆயினும் பாதிதான் குறைந்தது என்பதையும் மறக்கலாகாது. மீதிப் பாதிக்கு அடுப்புதான் வேண்டும். நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிஷமாவது நிற்க வேண்டும். தேற்றாங்கொட்டையை மெய்யாகவே உரைத்துத் தெளியவைத்த நீருக்கும் இதுவே விதி. கண்ணுக்குத் தெளிவு வேறு, வயிற்றுக்குச் சுத்தி வேறு.

இனி இந்தத் தரங்கம்பாடியின் கஷ்டம் வேறொன்று. அலை பாடும் ஊர் என்று பெயர் பெற்றது. அந்த அலையே மாசிலாமணி நாதர் கோயிலின் முன்புறத்தை அரித்துக்கொண்டு போயிற்று. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இக்கரையில் ஏறி, உயிர்களைக் கொண்டுபோனதோடு கிணறுகளிலும் உப்பை விட்டுச் சென்றது. கடலோரத்தில் நல்ல நீர் என்பது, மணலில் இறங்கிய மழைநீர் கனத்த உப்புநீரின்மேல் மிதந்து நிற்பதுதான். கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி வரை அது உப்பைத் தள்ளி நிறுத்தும். மோட்டார் வைத்து அந்த ஓரடியை உறிஞ்சிவிட்டால் நாற்பதடி உப்பு மேலே வரும். காவிரியின் கடைமடை இது; மேலே மிஞ்சினால்தான் இங்கு நீர். ஆகவே இவ்வூரில் குளம் தூர்வாருவதும், கூரைநீரை மணலில் இறக்குவதும் பெருமாள் கைங்கர்யத்தில் சேர்ந்ததென்றே அடியேன் கருதுகிறேன். உப்பைத் துணி வடிக்காது. காய்ச்சினால் போகாது, நீர் சுண்டச் சுண்ட மிகும்.

யாத்ரையில் யாருக்கேனும் பேதி கண்டால் டாக்டரிடம் போகும் வரை வெறுமனே இருக்கலாகாது. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறுகச் சிறுகப் புகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பு அளவு மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து, கண்ணளவாகப் போடலாகாது.

இவ்வுத்ஸவத்தில் பானகத்திற்கும் நீர்மோருக்குமான நீர் முதல்நாள் இரவே மடப்பள்ளியில் காய்ச்சி ஆற வைக்கப்படுகிறது. எலுமிச்சை பிழிந்த பானகம் செம்பிலும் பித்தளையிலும் நிற்கலாகாதென்று எவர்ஸில்வர் அண்டாக்களைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். மேல் துணி கட்டியிருக்கும். நீண்ட காம்புள்ள அகப்பை ஒன்றும் தொங்கும். பாகவதர்கள் சொம்பையோ கையையோ உள்ளே விடாமல் அந்த அகப்பையால் மொண்டு வார்க்கச் சொல்லிப் பெற்றுக்கொள்ளப் பிரார்த்திக்கிறேன். தீர்த்தவாரியன்று கடலிலும் குளத்திலும் ஆனந்தமாக நீராடலாம். வாயில் கொள்ளுவதற்கு அண்டா கிழக்கு வாசலில் இருக்கிறது. காலையில் அதன் துணியை அவிழ்த்துப் பார்த்து, முதல் அகப்பையை அடியேனே பருகிய பிறகுதான் விநியோகம் தொடங்கும்.