கோத்திரம் கேட்காத கோதாவரி

(உத்திரமேரூரில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஆழ்வார் கதையோ நாயன்மார் கதையோ இல்லை. ரிடையரான ஓர் இன்ஜினியரின் கதை. பெயர் ஆர்தர் காட்டன். வெள்ளைக்காரர், பக்தியுள்ள கிறிஸ்தவர், பெண்டாட்டி பிள்ளையோடு வாழ்ந்த சம்சாரி. சுந்தர வரதர் மூன்று தளத்தில் நின்றும் இருந்தும் கிடந்தும் சேவை சாதிக்கிற ஊரில் வந்து இவரைப் பற்றியா பேசுவது என்று சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. பொறுங்கள், காரணம் இருக்கிறது.

கோதாவரியில் நீராடுகிறவர்கள் இவரை நினைத்துச் சொல்ல ஒரு சம்ஸ்கிருத சுலோகம் அந்தக் கரையில் வழங்குகிறது. நமக்கோ சங்கல்பம் என்றாலே கோத்திரம் கேட்பார்கள், நட்சத்திரம் கேட்பார்கள். காட்டனுக்குக் கோத்திரத்துக்கு எங்கே போவது? அப்பனைப் பிள்ளை நினைப்பது கடமை. உறவு ஏதும் இல்லாத ஒருவரை ஊரே நினைக்கிறது என்றால் அவர் என்ன செய்திருக்க வேண்டும்?

இல்லறத்தானுக்குச் சாஸ்திரம் இரண்டு தர்மம் விதித்திருக்கிறது. ஒன்று இஷ்டம்: ஹோமம், யாகம் முதலானவை. மற்றது பூர்த்தம்: குளம் வெட்டுவது, கிணறு தோண்டுவது, தோப்பு வைப்பது. முதலாவதை நாம் விடுவதில்லை. பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்துச் செய்கிறோம். இரண்டாவதைப் பஞ்சாயத்து பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

உங்கள் ஊர்ப் பெரியவர்கள் விடவில்லை. வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை சொல்லும் குடவோலை முறை என்றதும் எல்லோரும் தேர்தலைப் பேசிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். ஓலை எடுத்து ஆளை எந்த வேலைக்கு அனுப்பினார்கள் என்று கேட்பதில்லை. ஏரி வாரியம், தோட்ட வாரியம்! பூர்த்தம் என்று சாஸ்திரம் சொன்ன குளமும் தோப்பும்தான். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகக்கூடாது. அவன் மட்டுமா? அவன் அப்பா, பிள்ளை, மாமனார், மருமகன், மைத்துனன் யாருக்கும் இடமில்லை. முகதாட்சண்யம் என்ற பேச்சே கிடையாது.

வயதும் சொல்லியிருக்கிறார்கள். 919-ல் முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். இரண்டே வருஷத்தில் அதை முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் என்று மாற்றினார்கள். நாம் அறுபதில் சால்வை போர்த்தி, நாற்காலியில் உட்காரவைத்து, டி.வி. ரிமோட்டைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அவர்கள் இன்னும் பத்து வருஷம் ஏரிக்கரைக்கு வா என்றார்கள்.

இப்போது காட்டனுக்கு வருவோம். 1803-ல் பிறந்தார். அண்ணன் தம்பிகள் பதினொரு பேரில் பத்தாமவர். 1821-ல் சென்னைக்கு வந்தார். அந்தக் காலத்தில் தஞ்சாவூருக்கு ஒரு கஷ்டம். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது அல்லவா? கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, வாட்டமும் அதிகம். தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிற்று. காவிரி மணல் மேடிட்டது, வயல்கள் காய்ந்தன. கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டி, 1836-ல் நீரைக் காவிரிக்குத் திருப்பினார். அதோடு முடிந்ததா? காவிரிக்குள் வெள்ளம் அளவுக்கு மீறிப் பாய்ந்து படுகையை அரித்தது. சில வருஷத்தில் அதன் தலைப்பிலும் ஒரு கட்டுமானம் வேண்டியதாயிற்று. ஆற்றோடு பழகுகிறவன் அடங்கித்தான் பழக வேண்டும்.

அந்த அடக்கம் அவரிடம் இருந்தது. ஆழம் காணாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்தே கற்றோம் என்று எழுதி வைத்தார். ஆளுகிற ஜாதியில் பிறந்தவர், ஆளப்படுகிறவர்களின் பாட்டனாரைக் குருவாக ஏற்றுக்கொண்டார். அவருடைய அணைகளைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

உடம்பு அவருக்கு ஒத்துழைக்கவில்லை. நோய் விடுப்பில் டாஸ்மேனியா போனவருக்கு அங்கே 1841-ல் கல்யாணம் ஆயிற்று. மறுவருஷம் மகள் எலிசபெத் பிறந்தாள். பிறகு கோதாவரிக்கு வந்தார். பஞ்சத்தில் அடிபட்ட பூமி அது. 1847-ல் தவளேஸ்வரத்தில் தொடங்கி 1852-ல் அணையை முடித்தார். டெல்டா பச்சை கட்டியது.

1860-ல் ஓய்வு. அதற்கப்புறம் பார்த்தால்தான் மனுஷன் யாரென்று தெரிகிறது. டார்க்கிங் என்ற ஊரில் குடியிருந்து, மண்ணை ஆழமாகக் கொத்திக் கோதுமை விளைச்சலைச் சோதித்துப் பார்த்தார். 1876-ல் தொடங்கி இங்கே லட்சக்கணக்கான பேரை மடியவைத்த தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1878-ல் பாராளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. வயது எழுபத்தைந்து. ரயிலுக்குக் கொட்டுகிற பணத்தைக் கால்வாய்க்குப் போடுங்கள் என்று அடித்துச் சொன்னார். எடுபடவில்லை. ஆனாலும் வாயை மூடவில்லை. 1899-ல், தொண்ணூற்றாறு வயதில் காலமானார். அடுத்த வருஷம் அவர் சரித்திரம் புத்தகமாக வந்தது. எழுதியவர் அந்த மகள் எலிசபெத். பெற்ற பெண் மதித்து எழுதும்படி ஓர் அப்பா வாழ்ந்திருக்கிறார். வெளியில் பேர் வாங்குகிற எல்லோருக்கும் வீட்டில் அது கிடைத்துவிடாது.

கிழக்கிந்தியக் கம்பெனி வரிக்காகத்தானே அணை கட்டியது என்று கேட்கலாம். ஆமாம், லாபம் பார்த்துத்தான் பணம் கொடுத்தார்கள். ஊர்ப் பொறுப்பில் இருந்த ஏரிகள் சர்க்கார் கைக்குப் போனதும் அதே ஆட்சியில்தான். இதை மறைத்துவிட்டுக் காட்டனைக் கும்பிடச் சொல்லமாட்டேன். ஆனால் வாய்க்காலில் வந்த தண்ணீர் யார் லாபத்துக்கு வந்தது என்று பயிர் பார்ப்பதில்லை. அந்தத் தண்ணீரில் சோறு தின்ற குடும்பங்கள்தான் அவரை நினைக்கின்றன. அவர் கட்டியதும் நெடுநாள் நின்றது: 2018 ஆகஸ்ட் 22 அன்று மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனபோது, அந்த அணைக்கு வயது 182.

உங்கள் வைரமேகத் தடாகத்தில் தூர் எடுப்பதற்கென்றே பொன் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அதுவும் கல்லில் இருக்கிறது. நாளைக்குச் சுந்தர வரதரைச் சேவித்துவிட்டு வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கும் போங்கள். விஷயம் தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு போய், ஏரி வாரியத்துக்கு யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்ற பட்டியலைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவரவர் பெயரை மனசுக்குள் அதில் வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்தேன், தேறவில்லை. கால் வேலி நிலம் வேண்டுமாம், எனக்குக் கிடையாது. எழுபதும் தாண்டிவிட்டது.