பழைய காரும் புதிய பிரேக்கும்

அச்சு தேராகுமா, சக்கரம் தேராகுமா, நுகம் தேராகுமா என்று நாகசேனர் மிலிந்த மன்னனை வினவிய வரலாற்றைப் பௌத்தர் பலரும் அறிவர். உறுப்புகளின் சேர்க்கைக்கு உலக வழக்கு இட்ட பெயரே தேர் என்பது ஆங்குப் பெறப்பட்ட முடிவு. பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோரிடையே இவ்வினா இன்றும் வேறு கோலத்தில் உலவுகின்றது. 1960ஆம் ஆண்டு அம்பாசிடர் ஒன்றுக்குப் புதுவகை பிரேக்கும் சீட் பெல்ட்டும் பொருத்திவிட்டால், அது பழைய கார்தானா?

மேற்கு வங்கத்து உத்தரபாராவில், மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அமைப்பைத் தழுவி, 2014 வரை செய்யப்பட்ட வண்டி அது. தொடக்க காலத்து வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்கே. பிரேக் எண்ணெய் செல்வதும் ஒரே சுற்றில்தான். ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் மிதிகட்டை தரையைத் தொடும். எஞ்சுவது கைப்பிரேக் ஒன்றே. ஈரறை கொண்ட மாஸ்டர் சிலிண்டரை அமைத்து, முன் சக்கரங்களுக்கு ஒரு வழியும் பின் சக்கரங்களுக்கு ஒரு வழியுமாகப் பிரித்துவிட்டால், ஒன்று கெட்டாலும் மற்றொன்று வண்டியைப் பிடிக்கும். தெருவில் நின்று பார்ப்பவருக்கு இம்மாற்றம் தெரியவும் தெரியாது.

ஆயினும் "அசல் கெட்டுவிடும்" என்று மறுப்போர் உளர். அறுபது ஆண்டு ஓடிய வண்டியில் டயரும் பாட்டரியும் பெயின்ட்டும் எத்தனை முறை மாறியிருக்கும்! அப்போதெல்லாம் கெடாத அசல், உயிர்காக்கும் உறுப்பை மாற்றும்போது மட்டும் கெடுவது எங்ஙனம்? 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தனிவகையாகப் பதிவதற்கென 2021இல் வந்த மத்திய விதிகளும், சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது என்றே கேட்கின்றன. இந்த அசற்பற்றில் நான் காண்பது உடைமைச் செருக்கேயன்றி வேறன்று.

எனினும் நல்லெண்ணம் மட்டும் போதாது. மூன்றுமுனை சீட் பெல்ட்டை வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் 1959இல் அமைத்துத் தந்தார். அதனைத் துருவேறிய தரைத் தகட்டில் வெறும் போல்ட் கொண்டு முடுக்கினால், மோதும்போது தகட்டோடு பெயர்ந்து வரும். துருவை வெட்டி நல்ல தகடு பற்றவைத்து, அடியில் கனத்த இரும்புப் பட்டை தாங்கலாக வைத்தபின்னரே போல்ட் ஏறவேண்டும். முன்சக்கரத்திற்கு டிஸ்க் பிரேக் வைத்தால் பின்சக்கரப் பிடிப்பையும் அதற்கேற்பத் திருத்தியாக வேண்டும். ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று நிற்கின்றது.

அசலா அன்றா என்னும் இவ்வழக்கில் எவர் கண்ணிலும் படாத ஒருவர் உண்டு. அவர் பட்டறைத் தொழிலாளர். அக்காலத்து பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார் கலந்திருந்தது. டிரம்மைக் கழற்றியதும் காற்றுக்குழாயால் தூசியை ஊதித் தள்ளுவது பல பட்டறைகளின் வழக்கம். அத்தூசி நுரையீரலிற் படிந்து, பல்லாண்டு கழித்துப் புற்றாய் வெளிப்படக்கூடும். பழைய லைனிங்கே அசல் எனத் தேடி வாங்கித் தருவோர், அதனைத் தேய்த்துப் பொருத்தும் பையனின் மூச்சை எண்ணிப் பார்த்ததுண்டா? ஊதாமல், தண்ணீரால் நனைத்து ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். கல்நாரற்ற லைனிங்கை மாட்டலாம். வேலைக்குச் சற்று நேரம் கூடும். அந்த நேரத்திற்கும் சேர்த்துக் கூலி கொடுப்பது காருக்கு உடையவர் பொறுப்பு.