சலுகையா, முறையா?

நாடுகளிடையே நிகழும் வாணிகத்தில் அனைவரையும் ஒப்ப நடத்துதல் அறமா, எளியோரைத் தனித்து நோக்குதல் அறமா என்னும் வினா பொருளியலார்க்கு மட்டும் உரியதன்று. 1947-இல் ஜெனிவாவில் கையெழுத்தான காட் ஒப்பந்தம் முதல் விடையையே தேர்ந்தது. ஒரு நாட்டின் சரக்குக்குக் குறைத்த சுங்கவரியை உறுப்பு நாடுகள் அனைத்திற்கும் குறைத்தல் வேண்டும் என்பது அதன் முதல் விதி. கேட்பதற்கு நடுவுநிலைமை போன்றே ஒலிக்கிறது. ஆயின், நூறாண்டு ஆலைத்தொழிலில் பழகிய நாட்டையும், நேற்று விடுதலை பெற்று ஒரு நெசவாலையை நிறுவிய நாட்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிடுவது நடுவுநிலைமையாகுமா? வீட்டில் விளக்கில்லாத பிள்ளைக்கும் ஏனையோர்க்கும் ஒரே வினாத்தாளை நீட்டும் ஆசிரியர் இவ்வினாவை நன்கறிவார்.

ஐ.நா. வணிக வளர்ச்சி மாநாட்டின் முதற் செயலாளரான அர்ஜெண்டின அறிஞர் ரவுல் பிரெபிஷ் 1964-இல் இதனை உலகின்முன் வைத்தார். 1968-இல் புதுதில்லி மாநாடு வளரும் நாடுகளின் பொருள்களுக்கு வரிச்சலுகை வேண்டுமென இசைந்தது. 1971-இல் காட் விதி பத்தாண்டுகளுக்குத் தளர்த்தப்பட்டது. 1979-இல் அத்தளர்வு நிலைபெற்றது.

வள்ளுவர் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். இச்சலுகை எதன்பாற்படும்? ஈகை என்றே வழங்கும் நாடுகள் கூறுகின்றன. விரும்பினால் நிறுத்தலாம் என்பது அதன் உட்பொருள். அமெரிக்காவின் சலுகைச் சட்டம் 2020 டிசம்பர் 31-இல் புதுப்பிக்கப்படாமலே காலாவதியானது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரிப்பட்டியலைப் பாருங்கள்: வறுக்காத காப்பிக்கொட்டைக்கு வரியில்லை, வறுத்தால் 7.5 விழுக்காடு. விளைவிப்பவன் விளைவிப்பவனாகவே இருக்கட்டும் என்று எழுப்பிய மதில் அது. தானே எழுப்பிய மதிலில் ஒரு வாயில் திறப்பவரை வள்ளல் என்று வாழ்த்த என் மனம் ஒப்பவில்லை.

வளர்ந்தபின் சலுகை நீங்குவது வேறு. நம் மலேசியா 1997-இல் அமெரிக்கச் சலுகையையும், 2014-இல் ஐரோப்பியச் சலுகையையும் இழந்தது. நம் வணிகர் சிலர்க்கு வருத்தமே எனினும், முறையன்று என்று சொல்வதற்கில்லை.

கடினமான வழக்கு இலங்கையுடையது. மனித உரிமை உடன்படிக்கைகளைச் செயற்படுத்துவதாக ஏற்று, ஐரோப்பாவின் மேலதிகச் சலுகையை அது பெற்றிருந்தது. மூன்று உடன்படிக்கைகளில் தவறியதென 2010 ஆகஸ்டில் அது நிறுத்தப்பட்டது. நிபந்தனை முன்னரே சொல்லப்பட்டது. அந்நிபந்தனை காக்க எண்ணியதும் மனித உயிரையே. ஆகவே கொடுத்தவரை எளிதில் பழித்தல் தகாது. எனினும் வாக்குத் தவறியது அரசு. வரி விழுந்ததோ கட்டுநாயக்காவில் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருந்தவளின் உழைப்பின்மீது. அரசை வேறெவ்வாறு இடித்துரைப்பது என்று கேட்பார்க்கு என்னிடம் நிறைவான விடையில்லை. அவளை அணுகிக் கேட்டவரும் இலர் என்பதே என் குறை. 2017 மே மாதம் சலுகை மீண்டது. அதுவரை, ஏறத்தாழ ஏழாண்டுகள், அவள் தைத்த சட்டை ஐரோப்பியத் துறைமுகங்களில் வரி செலுத்தியே இறங்கியது.