எஞ்சிய துணி இழிவா?

பிறர் பயன்படுத்தி எஞ்சிய பொருளைக் கொண்டு தமக்கு வேண்டியதைச் செய்துகொள்வது இழிவா? இவ்வினா நம்மவர்க்கு எளிதன்று. பழஞ்சேலைகளை அடுக்கிப் போர்வை தைத்துக்கொண்டிருந்த ஒரு தாயிடம் அவர் மகன், "புத்தரைச் சரணடைந்த பின்னும் நமக்குக் கந்தல்தானா, அம்மா?" என்று வினவியதை நாம் கேட்டோம்.

அவன் சினத்தில் நியாயம் உண்டு. மனுநூலின் பத்தாம் அத்தியாயம் பிணத்தின் ஆடையைச் சண்டாளர்க்கு உடையாக விதிக்கிறது. உண்டு எஞ்சிய சோற்றையும் பழந்துணியையும் சூத்திரர்க்குக் கொடுக்கச் சொல்கிறது. 1927-ஆம் ஆண்டு மகாடு மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியையும் பிறர் எச்சிலையும் விட்டொழிக்குமாறு ஒடுக்கப்பட்ட மக்களை வேண்டினார்.

பஞ்சாலையில் நாம் உழைத்த நாளில், மேற்பார்வையாளர் ஒருவர் வெட்டுத் துண்டுகளைத் தரையில் எறிந்து பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். குனிந்து பொறுக்கினோம். அவற்றால் நம் இல்லத்தார் தைத்த போர்வை, குழந்தைகளைக் குளிரினின்றும் காத்தது. அப்போர்வையை எண்ணி நாம் நாணவில்லை. குனிந்ததை இன்றும் மறக்கவில்லை.

இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை விநய பிடகம் தெளிவாக்குகிறது. குப்பையிலும் சுடுகாட்டிலும் கிடந்த துணியைப் பிக்குகள் துவைத்துத் தைத்து உடுத்தினர். மருத்துவர் ஜீவகர் வேண்டிக்கொண்ட பின், விரும்புவோர் அத்துணியை உடுக்கலாம், விரும்புவோர் இல்லறத்தார் அளிக்கும் ஆடையை ஏற்கலாம் எனப் பகவன் அனுமதித்தார். கந்தலையே எல்லாரும் ஆயுள் முழுதும் உடுக்க வேண்டுமெனத் தேவதத்தன் கோரியபோது மறுத்தார். கந்தல் விருப்பமாக இருந்தது, விதியாக ஆக்கப்படவில்லை.

வரப்புகளால் பிரிக்கப்பட்ட மகத நாட்டு வயல்களைக் காட்டி, அதுபோலச் சீவரம் அமைக்க இயலுமா எனப் பகவன் வினவ, ஆனந்தர் அமைத்துக் காட்டினார். புதிய துணியும் வெட்டியே தைக்கப்பட்டது. சாக்கிய இளவரசரும், அவர்க்குச் சவரம் செய்த உபாலியும் ஒரே ஒட்டுத்தையல் உடையை அணிந்தனர்.

கோசாம்பியில் உதேண மன்னனின் தேவியர் ஆனந்தருக்கு 500 ஆடைகளை அளித்தனர். இத்தனை எதற்கென்று மன்னன் கேட்டான். கிழிந்த உடையினரான பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் ஆனந்தர். பழைய உடைகள்? படுக்கை விரிப்பாகும், பின் மெத்தையுறையாகும், பின் தரைவிரிப்பாகும், பின் கால்துடைப்பாகும், பின் தூசு துடைக்கும் துணியாகும், இறுதியில் மண்ணோடு குழைந்து தரைப்பூச்சாகும் என்றார். மகிழ்ந்த மன்னன் மேலும் 500 ஆடைகளை ஈந்தான்.

பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையில் உருவிய நூலாலேயே வங்கப் பெண்டிர் காந்தா தைத்தனர். மராட்டியத் தாய்மார் கோதடி தைக்கின்றனர். எஞ்சியது அவர் கையில் புதுப்பொருளாகிறது.

ஆகவே, அவ்விளைஞனுக்கு நாம் கூறுவது இதுவே: தம்பி, உன் அன்னை தைப்பதை எவரும் அவருக்கு விதிக்கவில்லை. துணியில் இழிவில்லை, எறியும் கையில் இழிவுண்டு. கந்தல் பொறுக்குவதைப் பிறப்பின் பேரால் ஒருவர் தலையில் சுமத்தினால் எதிர்த்து நில். எறிந்ததைக் குனிந்து ஏற்காதே, எஞ்சியதை வீணாக்காதே. இப்போது அன்னைக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடு.