பாட்டுக்குப் பட்டா உண்டா?

2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலி இந்தியாவுக்குள் வந்தபோது, விளம்பரத் தொல்லையில்லாமல் பாட்டுக் கேட்க மாதக் கட்டணம் 119 ரூபாய். 2025-இல் அது 139 ஆனது. அதே ஆண்டு நவம்பரில் 139, 199, 299 என்று மூன்று படிகளாகப் பிரிந்தது. யூடியூப் பிரீமியம் 2024 ஆகஸ்டில் 129-லிருந்து 149-க்கு ஏறியது. இருபது ரூபாயெல்லாம் ஒரு பணமா என்று நகரத்தில் இருப்பவர் கேட்கலாம். போடிநாயக்கனூரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஆனாலும் தொகையைவிடப் பெரிய கேள்வி ஒன்று இதில் அடங்கியிருக்கிறது. விலை ஏறுகிறபோது, "எனக்கு வேண்டாம்" என்று கேட்பவர் எழுந்து போக முடியுமா? போனால் இத்தனை வருடம் கட்டிய பணத்துக்கு அவர் கையில் என்ன மிஞ்சும்?

இதை எடைபோட்டுப் பார்க்க இந்த மலையடிவாரம் பொருத்தமான இடம். நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் வெளியுலகுக்குத் தெரிந்த பொட்டிபுரமும், இளையராஜா பிறந்த பண்ணைப்புரமும் ஒரே மலைத்தொடரின் காலடியில்தான் இருக்கின்றன. 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் தம் குழுவோடு மலையேறிப்போய்க் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடினார். சிறுவனான இளையராஜா அண்ணனுடன் மேடையேறத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். அந்தப் பாட்டைக் கேட்கக் கட்டணம் கிடையாது. கூட்டம் கலைந்ததும் பாட்டும் கலைந்தது. மனசில் நின்றது மட்டும் மிச்சம். பாட்டைக் கைப்பொருளாக வீட்டில் வைத்திருக்கும் வழக்கம் எளிய மனிதர்களுக்குக் கேசட்டோடுதான் வந்தது.

எண்பதுகளில் சின்னச் சின்ன ஊர்களின் கடைத்தெருவில்கூட ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியலை எழுதி, 60 நிமிடமோ 90 நிமிடமோ ஓடும் காலி கேசட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவார்கள். கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து பதிந்து வைப்பார். 'ஏ' பக்கத்தின் கடைசிப் பாட்டு சில சமயம் இரண்டாவது சரணத்தின் நடுவில் அறுந்துவிடும். வாரக்கணக்கில் கேட்டுக் கேட்டு, அந்த அறுந்த இடத்தோடுதான் பாட்டே மனப்பாடமாகும். கேசட் வாங்கியவருக்கு அது முழுச் சொந்தம். இரவல் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம், யாரும் வந்து பிடுங்க முடியாது. கேசட் போய் மெமரி கார்டும் பென் டிரைவும் வந்த பிறகும் முறை மாறவில்லை. செல்போன் கடையில் கொஞ்சம் பணம் கொடுத்தால் நூற்றுக்கணக்கில் பாட்டு ஏற்றித் தருவார்கள். சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும் மலைப்பாதைக்கு அதைவிடத் தோதான ஏற்பாடு வேறில்லை.

இந்தச் சொந்தத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் அதன் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்த பணத்தில் இசையமைத்தவருக்குப் பங்கில்லை, எழுதியவருக்கும் பாடியவருக்கும் பங்கில்லை. மெமரி கார்டில் ஏறிய பாட்டுக்கும் அதே கதிதான். நம் ஊர்களில் பாட்டு மலிவாகக் கைக்கு வந்ததற்கு ஒரு காரணம், அதைச் செய்தவரின் கூலி அந்த விலையில் சேராததுதான். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் இந்தக் கணக்கை ஓரளவு நேர்செய்தது. திரைப்படம் தியேட்டரில் ஓடுவதைத் தவிர மற்ற வழிகளில் பாட்டு பயன்படும்போது, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சேரவேண்டிய ராயல்டியை எந்த ஒப்பந்தமும் பறித்துவிட முடியாது என்றது அது. 2017-இல் தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியபோது பலர் முகம் சுளித்தார்கள். நட்புக்குள் சட்டம் நுழைந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் உழைத்தவர் தம் உழைப்பின் பலனைக் கேட்பதில் தவறு காண முடியாது. எந்தப் பாட்டு எத்தனை முறை ஒலித்தது என்று செயலி ஒவ்வொன்றையும் எண்ணி வைக்கிறது. கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுக்க இதைவிட நல்ல வசதி முன்பு இருந்ததில்லை. ஆகவே கட்டணம் வாங்குவது அநியாயமில்லை, காலத்துக்கு ஏற்ப அதை ஏற்றுவதும் தன்னளவில் அநியாயமில்லை.

ஏற்றிய பணம் எங்கே போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. பெரிய நிறுவனங்களின் நடைமுறையில், சந்தாப் பணம் எல்லாம் ஒரே குவியலில் சேர்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாட்டின் உரிமையாளர்களுக்குப் போகிறது. மொத்தக் கேட்பில் யாருடைய பாட்டுக்கு எவ்வளவு விகிதமோ, அவர்களுக்கு அவ்வளவு. மாதம் முழுவதும் பழைய பாட்டு மட்டுமே கேட்கும் ஒருவரின் சந்தா, அந்தப் பாட்டுக்காரர்களுக்கே முழுதாகப் போய்ச் சேருவதில்லை. நாடு முழுக்க அதிகம் ஒலிப்பவருக்கே அதில் பெரும்பகுதி போகும். போதாக்குறைக்கு, பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே இல்லை என்று 2024 முதல் ஸ்பாட்டிஃபை விதி வைத்திருக்கிறது. ஒரு கிராமத்துக் கும்மிப் பாட்டையோ கோயில் பாட்டையோ பதிவுசெய்து ஏற்றும் சிறு குழுவுக்கு அந்த ஆயிரம் எட்டாத உயரமாகவே இருக்கலாம். கலைஞரின் பெயரைச் சொல்லிக் கட்டணத்தை ஏற்றுகிறவருக்கு, கலைஞரிடம் எவ்வளவு சேர்ந்தது என்று சொல்லும் கடமையும் உண்டு.

இதற்கும் அடியில் இன்னொரு குறை இருக்கிறது. சந்தா கட்டுகிறவர் எதையும் வைத்துக்கொள்ள முடியாது. 2019-இல் உரிமை வழக்கு நீதிமன்றம் போனதும் சரிகம நிறுவனத்தின் பாடல்களை ஸ்பாட்டிஃபை நீக்கியது. பழைய எச்எம்வி இசைத்தட்டுகளின் வாரிசு அந்த நிறுவனம். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் ஏற்படும்வரை அந்தப் பழைய பாட்டுகள் அங்கே இல்லை. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக்கின் பாடல்கள் அதே செயலியிலிருந்து காணாமல்போயின. 2024-இல் ஏர்டெல் தன் விங்க் மியூசிக் செயலியையே மூடியது. 2025 செப்டம்பரில், இளையராஜாவின் பாடல்கள் தொடர்பாக உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்தபின் 'குட் பேட் அக்லி' படம் நெட்ஃபிளிக்ஸிலிருந்து எடுக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் யார் பக்கம் சட்டம் இருந்தது என்பது வேறு விஷயம். கேட்பவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். போனில் இறக்கி வைத்த பாட்டுகூட செயலிக்குள் பூட்டியே கிடக்கும். முப்பது நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் முகம் காட்டாவிட்டால் அதுவும் ஓடாது.

இந்த மலைக்காரர்களுக்கு இந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை. குத்தகைக்கும் பட்டாவுக்கும் உள்ள தூரம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஏலமலை நிலங்களில் பெரும்பகுதி அரசிடம் குத்தகைக்குப் பெற்றவை. பட்டாவுக்காக இடுக்கியில் பல பத்தாண்டுகளாகப் போராட்டம் நடந்திருக்கிறது. மலையின் இந்தப் பக்கம், 1955-இல் குத்தகை விவசாயிகளைக் காக்கவும், 1956-இல் நியாயமான குத்தகைத் தொகையை வரையறுக்கவும் சட்டங்கள் வந்தன. நிலத்தை வாடகைக்கு விடுவது குற்றம் என்று அந்தச் சட்டங்கள் சொல்லவில்லை. உழுது பண்படுத்தியவரை நினைத்த நேரத்தில் வெளியேற்றக் கூடாது, அவருடைய வேறுவழியின்மையை வைத்து விலை பேசக் கூடாது என்றன. பாட்டுக் கேட்பவரும் ஒரு விதத்தில் பண்படுத்துகிறார். வருடக்கணக்கில் தேடித் தேடிச் சேர்த்த பட்டியல், பிள்ளையைத் தூங்கவைத்த தாலாட்டு, இறந்தவரோடு சேர்ந்து கேட்ட பாட்டு எல்லாம் அந்தச் செயலிக்குள் இருக்கின்றன. கட்டண உயர்வை அவர் ஏற்றுக்கொள்வதற்குப் பாட்டின் மதிப்பு ஒரு பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், விட்டுப் போனால் இத்தனையும் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தின் மேல் ஏற்றும் ஒவ்வொரு ரூபாயும் அறத்துக்குப் புறம்பானது.

நிலமும் பாட்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றில்லைதான். குத்தகை போனால் குடும்பம் பட்டினி கிடக்கும். சந்தா போனால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்கவும் பல இடங்களில் வழி இருக்கிறது. மாதம் நூற்றுச்சொச்ச ரூபாய்க்குக் கோடிக்கணக்கான பாட்டு என்பது பழைய கேசட் விலையோடு ஒப்பிட்டால் பெரிய கொடை என்றும் சொல்லலாம். இந்த வாதங்களில் உண்மை உண்டு. அதனால்தான் பாட்டுக்கு அரசு விலை நிர்ணயிக்க வேண்டும் என்று கோருவது மிகை. கேட்பவருக்கு நியாயமாகச் சேரவேண்டியது அதைவிடச் சிறியது, ஆனால் விட்டுக்கொடுக்க முடியாதது. வெளியேறும்போது சேர்த்ததில் ஒரு பங்கையாவது காசு கொடுத்து எடுத்துப்போக அவருக்கு வழி வேண்டும். பட்டியலை ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதிகள் இன்று உண்டு. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தால் அதுவும் இன்னொரு குத்தகைதான்.

சொந்தம் என்பது தனி ஒருவரின் ஆசையோடு முடிந்துபோகும் விஷயமும் இல்லை. சென்னையில் வி.ஏ.கே. ரங்கா ராவ் போன்றவர்கள் பல்லாயிரம் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்த்து வைத்ததால் எத்தனையோ பழைய குரல்கள் தப்பிப் பிழைத்தன. தயாரித்த நிறுவனங்கள் கைகழுவிய பதிவுகளைக்கூட யாரோ ஒருவருடைய பரண் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. எல்லோரும் வாடகைக்கே கேட்கும் காலத்தில் அந்தப் பரண் இருக்காது. லாபம் தராத பாட்டை நிறுவனம் நீக்கிவிட்டால், அதைத் திருப்பிக் கொடுக்க ஊரில் ஆள் இருக்க மாட்டார்.

விற்றுப் பார்த்தோம், வாங்க ஆளில்லை என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. 2012-இல் ஃபிளிப்கார்ட் தொடங்கிய 'ஃபிளைட்' என்ற பாட்டுக் கடை 2013 ஜூனிலேயே மூடப்பட்டது உண்மை. ஒரு பாட்டுக்கான சின்னத் தொகையை இணையத்தில் கட்டுவதே அன்று பெரும்பாடு. இன்று தள்ளுவண்டிக் கடையிலும் ஐந்து ரூபாயைப் போனில் அனுப்புகிறோம். 2017-இல் சரிகம கொண்டுவந்த 'கேரவான்' பெட்டியில் ஐந்தாயிரம் பாட்டுகள் ஏற்றியே வந்தன. சந்தா இல்லாத அந்தப் பெட்டியை மக்கள் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கினார்கள். சொந்தமாக வைத்துக்கொள்ளும் ஆசை செத்துப்போகவில்லை என்பதற்கு அது சாட்சி.

ஆகவே கடமை இரு பக்கமும் இருக்கிறது. நிறுவனங்கள் சந்தாவோடு கூடவே பூட்டில்லாத கோப்பாகப் பாட்டைத் தனியே விற்க வேண்டும். கட்டணம் ஏறும்போது அதில் கலைஞரின் பங்கு எவ்வளவு ஏறியது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டு நீக்கப்படும் முன் அதைச் சேர்த்து வைத்தவருக்குத் தகவல் தர வேண்டும். விற்பது உரிமமா உடைமையா என்பதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 முதல் சட்டம் இருக்கிறது. இங்கும் அப்படி ஒன்று தேவை. கேட்பவரின் கடமையும் இதற்குக் குறைந்ததில்லை. காசு கொடுக்காமல் ஏற்றிய பாட்டைச் சொந்தம் என்று சொல்வதை நிறுத்த வேண்டும். எல்லாப் பாட்டையும் வாங்க யாராலும் முடியாது. வாழ்நாள் முழுக்கக் கூட வரவேண்டிய பாட்டு எல்லோருக்கும் கொஞ்சம்தான் இருக்கும். சிடியாகவோ கோப்பாகவோ விலைக்குக் கிடைக்கும் இடத்தில் அந்தக் கொஞ்சத்தையாவது வாங்கி வைக்க வேண்டும். கிடைக்காத இடத்தில், விற்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பாட்டைச் செய்தவருக்குக் கூலி கிடைக்காத சொந்தமும் திருட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கேட்டவர் கையில் எதுவும் மிஞ்சாத வாடகையும் சுரண்டலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சந்தை சொன்னால் அதற்குத் தலையாட்ட வேண்டியதில்லை. கூலியும் கொடுப்போம், பாட்டையும் வைத்துக்கொள்வோம் என்று சொல்ல ஏலத்தோட்டக் கூலித் தொழிலாளிக்கும் உரிமை இருக்கிறது. அடுத்த கட்டண உயர்வை அறிவிக்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.